காற்றுப்பையா, வில்லுத்தகடா?

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய லொறி அது. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, முகாம்களிலும் இரவற் காணிகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் காலந்தள்ளி, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள். பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, செம்மண்ணில் மீண்டும் வெங்காயம் நட்டார்கள். முதல் இரண்டு போகமும் விளைந்ததை, படலையில் வந்து நின்ற வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். அடுத்த போகத்தை நாங்களே தம்புள்ளைக்குக் கொண்டுபோவோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சீட்டுப் பணம், நகை அடகு வைத்த பணம், லீசிங் கடன் எல்லாவற்றையும் சேர்த்து, யப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்த பழைய லொறி ஒன்றை வாங்கினார்கள்.

"ஓடினால் கப்பல் மாதிரி இருக்கும்" என்று விற்றவர் சொன்னார். அது பொய்யல்ல. அந்த லொறியின் பின் அச்சில் வில்லுத்தகடு இல்லை. காற்றடைத்த இறப்பர்ப் பைகள் இருந்தன. எயார் சஸ்பென்சன் என்று சொல்வார்களே, அதுதான். பள்ளத்தில் விழுந்தாலும் குலுக்கம் தெரியாது. தக்காளி நசியாது, மூடை சரியாது. வாங்கிய நாளில் எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது.

சில மாதங்களின் பின் ஒரு விடியற்காலை அந்த லொறி இடப்பக்கமாகச் சரிந்து, சில்லின் மேல் குந்திக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலையே வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. நகரத்துக் கராச் ஒன்றில் இருந்து வந்து பார்த்தவர்கள், சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, முழுவதையும் மாற்ற வேண்டும், சாமான் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை அந்த எட்டுக் குடும்பங்களும் ஒரு போகத்தில் எதிர்பார்த்த இலாபத்துக்குக் கிட்ட வந்தது. மூன்றாம் நாள்தான் யாரோ சொல்லி, வேலையை விட்டு வீட்டில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். நாமும் அன்று அங்கே நின்றோம்.

"எங்கால காத்துப் போகுது எண்டு ஆரும் பாத்தவையோ தம்பி?" என்று அவர் கேட்டார்.

"இல்லை அண்ணை. கண்டவுடன முழுக்க மாத்தவேணும் எண்டு சொல்லிப்போட்டினம்."

"வருத்தம் என்ன எண்டு தெரியாமலோ மருந்து எடுக்கிறது? ஒரு வாளியிலை சவுக்காரத் தண்ணி கரைச்சுக் கொண்டு வாரும்."

மூடைகளை இறக்கி, சட்டத்துக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கி, இயந்திரத்தை ஓடவிட்டு, சவுக்காரத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் நுரை கிளம்பியது. ஒன்று இடப்பக்கப் பையின் மடிப்பில். மற்றது ஒரு குழாய் மூட்டில். பைகள் இரண்டையும் மாற்றி, மூட்டை இறுக்கியதோடு வேலை முடிந்தது. செலவு முன்பு சொல்லப்பட்டதில் ஒரு சிறு பங்கு. ஆனால் அதற்குள் வெங்காயத்தின் தரம் இறங்கிவிட்டது. உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளவேண்டியதாயிற்று. அந்த மாத லீசிங் பணத்துக்கு மீண்டும் ஒரு சோடிக் காப்பு அடகுக்கடைக்குப் போனது.

கமச்செய்கையைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில் லொறியைப் பற்றி ஏன் எழுதுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கும், காணி வந்தும் கிணறும் வேலியும் வராத குடும்பங்களுக்கும், ஒரு வாகனம்தான் இன்று உள்ள ஒரே முதல். கூலிக்கு ஏற்றுவதும் அதில்தான், சந்தைக்குப் போவதும் அதில்தான், இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். அது குந்திவிட்டால் குடும்பமும் குந்திவிடுகிறது. ஆகவே பழைய வாகனம் பழுதுபடும்போது அதைத் திருத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வி கராச்சுக்குள் மட்டும் தீர்க்கப்பட வேண்டிய ஒன்றல்ல. குடும்பமாகவும் ஊராகவும் இருந்து சிந்திக்க வேண்டியது.

காற்றின் மேல் நிற்கும் வாகனம்

வில்லுத்தகடு எம் எல்லோருக்கும் தெரிந்தது. உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ற் போட்டுக் கட்டியிருப்பார்கள். பாரம் ஏறும்போது வளையும், இறங்கும்போது நிமிரும். உடைந்த லொறித் தகட்டைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய்க் கத்தியும் கோடரியும் அடிப்பிக்கிற வழக்கமும் எம்மிடம் உண்டு.

எயார் சஸ்பென்சனில் தகட்டின் வேலையைக் காற்று செய்கிறது. லொறியிலும் பேருந்திலும் பிரேக்குக்குக் காற்றை அமுக்குகிற கொம்பிரசரே இந்தப் பைகளுக்கும் காற்றை அனுப்புகிறது. பாரம் ஏறி வாகனம் தாழ்ந்தால், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய தண்டு அசைந்து, மட்டம் பார்க்கும் வால்வைத் திறக்கும். பைக்குள் காற்று ஏறி வாகனம் பழைய உயரத்துக்கு வரும். பாரம் இறங்கினால் மிகுதிக் காற்று வெளியேறும். வெறுமையாக ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் வாகனம் ஒரே மட்டத்தில் நிற்பது இதனால்தான். கார்களில் இதே வேலையை மின்சாரத்தில் இயங்கும் சிறிய கொம்பிரசரும், உயரத்தை அளக்கும் உணரிகளும், ஒரு சிறு கணினியும் சேர்ந்து செய்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் உயிர் இறப்பரில் இருக்கிறது. இறப்பர் வெயிலில் காயும், மடிப்பில் வெடிக்கும். எமது குடாநாட்டின் செம்மண் தூசியும் சுண்ணாம்புக்கல் மணலும் பையின் மடிப்புக்குள் புகுந்து அரத்தைப்போல அராவும். கடற்காற்றின் உப்பு குழாய் மூட்டுகளையும் இரும்பையும் தின்னும். பிறநாட்டில் பல ஆண்டுகள் ஓடிய பின் இங்கு வரும் வாகனத்தின் பை, வரும்போதே தன் ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்துவிட்டுத்தான் வருகிறது. விற்பவர் மைலைக் காட்டுவார். பையின் மடிப்பைக் காட்டமாட்டார்.

முதலில் நோயை அறிவோம்

எமது முதலாவது கருத்து இது: குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கண்ணும் காதும் ஒரு வாளி சவுக்காரத் தண்ணீரும் போதும்.

மாலையில் வாகனத்தை மட்டமான நிலத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் மேலும் மட்காட் வரைக்கும் உள்ள உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். காலையில் மீண்டும் அளவுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் குறை அந்த மூலையின் பையிலோ, குழாயிலோ, வால்விலோ இருக்கும். எல்லாப் பக்கமும் தாழ்ந்து, இயந்திரம் ஓடியும் எழும்பவில்லை என்றால் கொம்பிரசர் பக்கமோ, பிரதான குழாய்ப் பக்கமோ பார்க்கவேண்டும். வாகனம் ஒரு பக்கம் எப்போதும் உயர்ந்தே நின்றால், அந்த வால்வுத் தண்டு வளைந்தோ கழன்றோ இருக்கலாம். அது சில ரூபாவோடு தீரும் வேலை. அதற்காகப் பை மாற்றியவர்களும் உண்டு.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடுவதும் பிழை. கசிவை ஈடுசெய்யக் கொம்பிரசர் ஓயாமல் ஓடும். காரில் இருக்கும் சிறிய மின் கொம்பிரசர் இப்படி ஓடி எரிந்துபோவது வழக்கம். சிறிய இறப்பர் வளையத்தோடு முடியவேண்டிய செலவு, கொம்பிரசரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். லொறியில் இன்னொரு ஆபத்து உண்டு. பைக்கும் பிரேக்குக்கும் காற்று ஒரே கொம்பிரசரில் இருந்துதான் வருகிறது. பை கிழிந்தாலும் பிரேக்கின் காற்று இறங்காமல் காப்பதற்கென்றே இடையில் ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு அதைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டு ஓடுபவர்களைக் காண்கிறோம். இது நெருப்போடு விளையாடுவதற்குச் சமன். ஏ 9 வீதியில் நிறைந்த பாரத்தோடு போகும்போது பிரேக் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்று நாம் எழுதத் தேவையில்லை.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, காற்றுப்பையை நம்பி வாகனத்துக்குக் கீழே ஒருபோதும் படுக்கவேண்டாம். பை வெடித்தால் வாகனம் ஒரு கண்ணிமைப்பில் இறங்கிவிடும். சட்டத்துக்குக் கீழே உறுதியான தாங்கியோ கனத்த மரக்கட்டையோ வைத்த பின்னரே தலையை உள்ளே நீட்டவேண்டும். இரண்டாவது, ஓர் அச்சில் ஒரு பை காய்ந்து வெடித்தால் மற்றதும் அதே வயதுடையது என்பதை நினைவிற் கொண்டு, இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. மூன்றாவது, கடையில் பல ஆண்டுகள் கிடந்த பை புதிது போலத் தோன்றினாலும் அதன் இறப்பர் முதிர்ந்துவிட்டிருக்கும். அதில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் செய்த ஆண்டையும் பார்த்து வாங்குங்கள்.

வருமுன் காப்பது இதிலும் மலிவானது. கிழமைக்கு ஒரு தடவை பைகளில் ஒட்டிய மண்ணை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்றுத் தாங்கியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் ஒவ்வொரு நாளும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர்தான் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. அந்த எண்ணெய்தான் இறப்பரை ஊறவைத்துக் கெடுக்கிறது.

திருத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு

திருத்துங்கள் என்று சொல்லும்போது, எதையும் முடிவில்லாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்டத்துக்குப் பின் திருத்துவது கடனாளியாக்கும். காற்றுப்பையை எடுத்துவிட்டு இரும்புக்கு மாறுவது அப்போது புத்தியாகலாம்.

இந்தக் கேள்வி எமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1957இல் கடிலாக் எல்டொராடோ புறூஹாம் என்ற விலையுயர்ந்த கார் எயார் சஸ்பென்சனோடு வந்தது. 1958இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் மற்றக் கார்களுக்கும் விரும்பியவர்கள் மேலதிக விலைக்கு அதைப் பெறக்கூடியதாக இருந்தது. விளம்பரம் பெரிது. ஆனால் காற்றுக் கசிந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் கார் நிலத்தோடு கிடந்தது. பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண சுருள்வில்லைப் பொருத்திக்கொண்டார்கள். பின்னர் 1992இல் பிரித்தானியாவின் றேஞ் றோவர் வாகனம் இலத்திரனியல் எயார் சஸ்பென்சனோடு வந்தது. அது பழசாகிய பின் அதன் உரிமையாளர்களிற் பலரும் சுருள்வில்லுக்கே மாறினார்கள். வசதி படைத்த நாட்டில், சாமான் வாங்கக் கடை பக்கத்தில் இருந்தவர்களே அப்படி முடிவெடுத்தார்கள் என்றால், நாம் அப்படி முடிவெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்போது எது என்பதை நாம் இப்படிப் பார்க்கிறோம். குறை பையிலோ, குழாயிலோ, ஒரு வால்விலோ மட்டும் இருந்து, சாமானும் கிடைக்குமானால் திருத்துங்கள். ஒரே ஆண்டில் மீண்டும் மீண்டும் பழுதாகி, கொம்பிரசர், கணினி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், சாமானுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் மாற்றுவதைப் பற்றிச் சிந்தியுங்கள். சட்டமே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் திருத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். நல்ல இயந்திரத்துக்குக் கிடைக்கும் விலையோடு கைகழுவி விடுங்கள்.

மாற்றுவதென்றால் அதை முறையாகச் செய்யவேண்டும். உங்கள் லொறியின் அதே வகை வில்லுத்தகட்டோடும் விற்கப்பட்டிருந்தால், அந்த வாகனத்தின் தகடு, தாங்கி, யூ போல்ற், சொக் அப்சோபர் எல்லாவற்றையும் ஒரு தொகுதியாக எடுத்துப் பொருத்துவதே பாதுகாப்பானது. கண்ட தகட்டைக் கண்ட இடத்தில் ஒட்டவைப்பது ஆபத்து. லொறிச் சட்டத்தில் நினைத்த இடத்தில் வெல்டிங் பிடித்தால் அந்த இடத்திலேயே சட்டம் வெடிக்கும். வளைவு போன தகட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் உருக்கின் பதம் போய்விடும். எண்ணெயில் தோய்த்து மீண்டும் பதமேற்றத் தெரிந்தவர் கையிலன்றி அதைக் கொடுக்கவேண்டாம். அமைப்பை மாற்றும் முன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். லீசிங் முடியாத வாகனமானால் கடன் தந்தவரிடமும் கேளுங்கள். விபத்து நடந்த பின் காகிதம் தேடுவது பயன்தராது.

கணக்குப் பார்க்கும்போது சாமானின் விலையை மட்டும் எழுதாதீர்கள். வாகனம் ஓடாமல் நின்ற நாட்களையும் எழுதுங்கள். அந்த எட்டுக் குடும்பங்களும் அழிந்துபோன வெங்காயத்தின் விலையைக் கணக்கில் எழுதியபோதுதான், பைகளின் விலையை விடக் காத்திருந்த நாட்களின் விலை கூடுதல் என்று கண்டார்கள். விவசாயிக்கு நாள்தான் பணம். அறுவடைக் காலத்தில் ஒரு நாளில் திருத்தக்கூடிய கரடுமுரடான வாகனம், பத்து நாள் காத்திருக்க வைக்கும் சொகுசு வாகனத்தை விட மேலானது.

தடைக்காலம் தந்த பாடம்

இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. குடாநாட்டு மக்கள் இதை வாழ்ந்து பார்த்தவர்கள். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் பொருளாதாரத் தடைக்குள் போயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, கிளாலிக் கடலால் படகில் போய்வந்த காலம் அது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று பெரியவர்கள் சொன்னதை நாம் கண்ணால் கண்டோம்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் ஓடியவை எவை? 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1950களின் ஒஸ்ரின் கார்களும்தான். சிறு போத்தலில் இருந்து காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. புகை கண்ணை எரித்தது. ஆனாலும் நோயாளியும் கர்ப்பிணியும் அவற்றில்தான் வைத்தியசாலைக்குப் போனார்கள். அவற்றின் பின் அச்சில் இருந்தது வில்லுத்தகடு. தகடு உடைந்தால் இன்னொரு வாகனத்தின் தகட்டை வெட்டி, துளைத்து, அடுக்கிக் கட்டினார்கள். புஷ் தேய்ந்தால் பழைய ரயரை வெட்டி வைத்தார்கள். கொழும்பில் இருந்து சாமான் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. காத்திருக்கவும் முடியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் ஊர்ந்தவற்றில் இந்தப் பழைய வாகனங்களும், லான்ட்மாஸ்ரர்களும், உழவு இயந்திரப் பெட்டிகளும் இருந்தன. பாரத்தில் உடைந்து வழியில் கைவிடப்பட்டவையும் உண்டு. கையில் ஒரு சாவிப்பெட்டியும் கொஞ்சக் கம்பியும் இருந்தவர்கள் பலர் திருத்திக்கொண்டு மேலே போனார்கள். அந்த இரவை வாழ்ந்தவர்களுக்கு, திருத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றதன் பெறுமதி தெரியும்.

உலகில் இப்படி வாழ்ந்தவர்கள் நாம் மட்டுமல்லர். 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடைக்குப் பின் கியூபா மக்கள் 1950களின் அமெரிக்கக் கார்களுக்குச் சோவியத் நாட்டு இயந்திரங்களைப் பொருத்தி, இன்றுவரை ஓட்டுகிறார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது, இனி ஏன் அதைப் பேசவேண்டும் என்று இளையவர்கள் கேட்கலாம். 2002 ஏப்ரலில் ஏ 9 வீதி திறந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம். 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது. பின்னர் போர் இல்லாமலே வேறு கதவுகள் மூடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. 2022இல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் டொலரின் விலை சுமார் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வெளியில் இருந்து வரும் சாமானை மட்டும் நம்பியிருந்த வாகனங்கள் அப்போதும் வேலியோரத்தில் கிடந்தன. கதவு எப்போது மூடும் என்பது எமது கையில் இல்லை. மூடும்போது எதை வைத்திருக்கிறோம் என்பது எமது கையில் இருக்கிறது.

புதியதை வேண்டாம் என்கிறோமா?

இல்லை. ஏழைகளுக்குப் பழையதே போதும் என்று சொல்பவர்களோடு எமக்கு உடன்பாடு இல்லை. உரும்பிராய்ப் பக்கத்து முந்திரிகையும் கோப்பாய்ப் பக்கத்துத் தக்காளியும் குலுங்காமல் போய்ச் சேர்வது விவசாயிக்கு நன்மைதான். பேருந்தில் போகும் முதியவருக்கும் அது நன்மை. எமக்கு அருகில், சென்னைப் பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனமே பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் எயார் சஸ்பென்சன் செய்கிறது. வருங்காலத்தில் இத்தகைய வாகனங்கள் கூடுமே தவிரக் குறையா.

எமது கவலை வேறு. பொருள் எமது ஊருக்கு வருகிறது. அதைத் திருத்தும் அறிவு அதோடு வருவதில்லை. அறிவு வராத இடத்தில் "முழுவதையும் மாற்று" என்ற சொல்லே ஆட்சி செய்கிறது. திருத்தத் தெரியாத பொருளுக்கு நாம் உரிமையாளர் என்று பத்திரத்தில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே எமது ஆலோசனைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

வாகனம் வாங்கும் குடும்பங்களுக்கு: வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பழுதானால் எமது பிரதேசத்தில் யார் திருத்துவார்? சாமான் எத்தனை நாளில் வரும்? அத்தனை நாளும் எமது விளைச்சல் என்ன ஆகும்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எயார் சஸ்பென்சன் உள்ளதையும் துணிந்து வாங்கலாம். கிடைக்காவிட்டால் வில்லுத்தகட்டோடு வரும் வாகனமே எமக்கு ஏற்றது. விற்பவர் காட்டும் நேரத்தில் பார்க்காமல், ஓர் இரவு நிறுத்திவைத்துக் காலையில் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச்செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

சேர்ந்து வாங்கும் குடும்பங்களுக்கு: ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தொகையைத் திருத்தப் பணமாகப் புறம்பாக வையுங்கள். அதை வேறு எதற்கும் தொடவேண்டாம். பழுது வரும் நாளில் நகை வெளியே போகாமல் அந்தப் பணம் காக்கும். ஊரில் ஒரே வகை வாகனம் இரண்டு மூன்று இருந்தால், கமக்காரர் அமைப்பு மூலம் ஒரு சோடிப் பை, ஒரு வால்வு, சில முழம் குழாய் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி நிழலான இடத்தில் வைத்திருக்கலாம்.

இளைஞருக்கும் பெற்றோருக்கும்: சாவி பிடிப்பதைத் தாழ்ந்த தொழில் என்று எண்ணும் வழக்கத்தை விடுவோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அங்கே கணினியும் உணரியும் பற்றிப் படித்த பிள்ளை, தடைக்காலத்தில் கார் ஓடவைத்த ஒரு முதியவரோடு ஆறு மாதம் கூடி வேலை செய்தால், இரண்டு அறிவும் ஒன்றாகும். அந்த முதியவர்கள் எமது ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைப்போம்.

வாழ்வாதார உதவி என்று வாகனமும் இயந்திரமும் கொடுக்கும் அமைப்புகளுக்கு, எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்: கையளிக்கும் நாளில் மாலையும் படமும் இருக்கின்றன. முதலாவது பழுது வரும் நாளில் நாம் அங்கே இருப்பதில்லை. வாகனத்தோடு ஒரு சாவிப்பெட்டியும், தமிழில் எழுதிய பராமரிப்புக் கையேடும், அந்த ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் கொடுக்காவிட்டால், நாம் கொடுத்தது உதவியா, வருங்காலக் கடனா என்று எம்மை நாமே கேட்கவேண்டும்.

அந்த எட்டுக் குடும்பங்களின் லொறி இன்றும் காற்றுப்பையில்தான் ஓடுகிறது. அடுத்த முறை பெரிய பழுது வந்தால் வில்லுத்தகட்டுக்கு மாறுவதென்று கொப்பியில் எழுதி, எட்டுப் பேரும் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். லொறி ஓட்டும் பெடியன் இப்போது ஒவ்வொரு காலையும் தாங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நான்கு மூலையையும் அளந்து எழுதுகிறான். சவுக்காரத் தண்ணீர் வாளி லொறிக்குள்ளேயே இருக்கிறது. கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் அந்த முதியவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல ஒரு பழைய கொம்பிரசரைக் கழற்றிப் பூட்டப் பழகுகிறான்.